போலீஸுக்கும் லைசன்ஸ் உண்டு, அதுக்கும் ஒரு ஆகஸ்ட் 31 உண்டு

டெக்சாஸ்ல டல்லாஸ் பக்கத்துல ஒரு சிட்டி போலீஸ் டிபார்ட்மெண்ட்ல ட்ரெயினிங் கோஆர்டினேட்டரா இருக்கேன். யூனிஃபார்ம் கிடையாது, துப்பாக்கி கிடையாது, சுத்தமான சிவிலியன் வேலை. ஆனா டிபார்ட்மெண்ட்ல இருக்கற ஒவ்வொரு ஆபீசரோட லைசன்ஸும் உயிரோட இருக்கா இல்லையான்னு பாத்துக்கறது என் பொறுப்பு. பொங்கல் விழா, கோயில் ஹால்னு நம்ம ஆளுங்க கூடுற இடத்துல இதைச் சொன்னா முதல்ல வர்ற கேள்வி, "போலீசுக்கு எதுக்கும்மா லைசன்ஸு? கவர்மெண்ட் வேலைதானே?" அப்புறம் பையனோ பொண்ணோ கிரிமினல் ஜஸ்டிஸ் படிக்கறாங்கன்னு தெரிஞ்சா தனியா கூப்பிட்டுப் போய் நூறு கேள்வி கேப்பாங்க. திரும்பத் திரும்ப அதையே சொல்லி வாய் வலிக்குது, அதனால ஒரே தடவையா எழுதி வெச்சுடறேன், அனுப்பிவிட வசதியா இருக்கும்.

முதல்ல அடிப்படை. நம்ம ஊர்ல யூனிஃபார்ம்டு சர்வீசஸ் போர்டு எக்ஸாம் எழுதி செலக்ட் ஆகி ட்ரெயினிங் முடிச்சா நீங்க போலீஸ், ரிட்டயர் ஆகற வரைக்கும் போலீஸ், உங்களை எடுக்கறதும் தூக்கறதும் அரசாங்கம். அமெரிக்கால அப்படி ஒரே அரசாங்கம் கிடையாது. டெக்சாஸ்ல மட்டும் சிட்டி போலீஸ், கவுண்டி ஷெரிஃப், கான்ஸ்டபிள், ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் போலீஸ், யூனிவர்சிட்டி போலீஸ், ஏர்போர்ட் போலீஸ்னு ஆயிரக்கணக்கான ஏஜென்சி இருக்கு, ஒவ்வொண்ணும் தனி முதலாளி. அதனால வேலை குடுக்கறது ஏஜென்சி, லைசன்ஸ் குடுக்கறது ஸ்டேட். அந்த ஸ்டேட் ஆபீஸ் பேரு டெக்சாஸ் கமிஷன் ஆன் லா என்ஃபோர்ஸ்மெண்ட், எங்க வாயில டீகோல். ஆஸ்டின்ல இருக்கு, 1965ல சட்டம் போட்டு ஆரம்பிச்சது, 2014 வரைக்கும் வேற நீளமான பேரு. சட்டம் ஆக்குபேஷன்ஸ் கோட், சாப்டர் 1701. அதாவது முடிவெட்டறவங்க, எலெக்ட்ரீஷியன், டாக்டர் எல்லாருக்கும் லைசன்ஸ் சட்டம் எந்த புத்தகத்துல இருக்கோ அதே புத்தகத்துலதான் போலீசுக்கும் இருக்கு.

முடிவெட்டறதுன்னு சொன்னதும் ஞாபகம் வருது, இந்த ஊர்ல அடிக்கடி அடிபடற ஒரு வாதம். டெக்சாஸ்ல பார்பர் லைசன்ஸுக்கு 1,000 மணி நேரம் படிக்கணும், பீஸ் ஆபீசர் (லைசன்ஸ் வாங்கின போலீசுக்கு சட்டத்துல இந்தப் பேருதான்) பேசிக் கோர்ஸ் 700 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். கேக்க ஷாக்காதான் இருக்கும். எங்க சார்ஜென்ட்டுங்க உடனே சண்டைக்கு வருவாங்க, அதுக்கப்புறம் டிபார்ட்மெண்ட்ல மாசக்கணக்கா ஃபீல்ட் ட்ரெயினிங் இருக்கே, பல அகாடமி குறைஞ்சபட்சத்தை விட ரொம்ப அதிகமாவே நடத்தறாங்களேன்னு. ரெண்டும் உண்மைதான். ஆனா குறைஞ்சபட்சம்னு ஸ்டேட் எழுதி வெச்சிருக்கறது அந்த 700 சொச்சம்தான், சின்ன ஊர் டிபார்ட்மெண்ட்டுங்க அந்தக் கோட்டுலதான் நிக்கும், அதை மறைக்க முடியாது.

யார் ஆகலாம்ங்கறதை வேகமா சொல்லிடறேன். 21 வயசு, இல்லேன்னா 18 வயசோட காலேஜ்ல 60 கிரெடிட் ஹவர்ஸ் முடிச்சிருக்கணும் (ஆர்மில ரெண்டு வருஷம் ஆக்டிவ் சர்வீஸ் பண்ணி நல்லபடியா வெளில வந்தவங்களுக்கும் 18 போதும்). ஹைஸ்கூல் டிப்ளமாவோ அதுக்குச் சமமானதோ வேணும். பொதுவா சிட்டிசன்ஷிப் வேணும், எச்1பில இருக்கறவங்க இந்தப் பத்தியோட நிறுத்திக்கலாம். கைரேகை எடுத்து கிரிமினல் ஹிஸ்டரி பாப்பாங்க. ஃபெலனியோ (பெரிய குற்றம்) கிளாஸ் ஏ மிஸ்டிமீனரோ (சின்னக் குற்றங்கள்ல மேல்படி) கன்விக்ஷன் இருந்தா கதவு மூடிடும், அதுக்குக் கீழ்ப்படி கிளாஸ் பி-ன்னா பத்து வருஷம் காத்திருக்கணும். நம்ம வீட்டுப் பிள்ளைங்களுக்கு நான் குறிப்பா சொல்றது இது: காலேஜ்ல முதல் தடவை குடிச்சுட்டு வண்டி ஓட்டி மாட்டினா அதுவே கிளாஸ் பி. லாயர் வந்து ப்ரொபேஷன் (ஜெயிலுக்குப் பதிலா கோர்ட் கண்காணிப்பு) வாங்கித் தரேன், ரெக்கார்டே இருக்காதுன்னு சொல்லுவாரு, வீட்டுலயும் அப்பாடான்னு கையெழுத்து போட்டுடுவாங்க. மத்த வேலைக்கு எப்படியோ, டீகோல் கண்ணுல ப்ரொபேஷனும் கணக்குதான். கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இந்தக் கேள்வியை அந்த லாயர்கிட்ட கேட்டுடுங்க.

அகாடமி முடிச்சப்புறம் ஸ்டேட் எக்ஸாம். 70 மார்க் பாஸ். மூணு தடவை எழுதலாம், மூணாவதும் போச்சுன்னா அந்த 700 மணி நேரமும் முதல்ல இருந்து.

இங்கதான் எல்லாரும் குழம்பறது. போன வருஷம் எங்க தெரிஞ்சவங்க பையன் ஒருத்தன் போன் பண்ணி, "அக்கா, எக்ஸாம் பாஸ் பண்ணிட்டேன், லைசன்ஸ் எத்தனை நாள்ல வீட்டுக்கு வரும்?"னு கேட்டான். வராதுப்பா. எக்ஸாம் பாஸ் பண்ணினா உனக்கு லைசன்ஸ் வாங்கற தகுதி வந்திருக்கு, லைசன்ஸ் வரல. ஏதாவது ஒரு ஏஜென்சி உன்னை எடுத்து, டாக்டர்கிட்ட அனுப்பி உடம்பு செக்கப்பும் ட்ரக் டெஸ்ட்டும் பண்ணி எல்-2 ஃபார்ம், சைக்காலஜிஸ்ட்கிட்ட அனுப்பி எல்-3 ஃபார்ம், அதுக்கப்புறம் இவரை நாங்க நியமிக்கறோம்னு எல்-1 போட்டாத்தான் லைசன்ஸ். தனியாளா நீயே அப்ளை பண்ணி வாங்கிட்டு வீட்டுல வெச்சுக்க முடியாது. அந்த எக்ஸாம் ரிசல்ட்டுக்கும் ஆயுசு ரெண்டு வருஷம்தான், அதுக்குள்ள யாரும் எடுக்கலேன்னா திரும்ப எக்ஸாம். அவன் பெரிய சிட்டி ஒண்ணு கூப்பிடும் கூப்பிடும்னு ஒரு வருஷம் உக்காந்திருந்தான். நான் சொன்னது, சின்ன ஏஜென்சி எதுவா இருந்தாலும் முதல்ல உள்ள போ, லைசன்ஸை உயிரோட வெச்சுக்கிட்டா பெரிய சிட்டிக்கு அப்புறம் போய்க்கலாம்னு. இப்ப ஒரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல இருக்கான், நல்லா இருக்கான்.

சரி, ரினியூவல். டிரைவிங் லைசன்ஸ் மாதிரி அட்டைல ஒரு தேதி போட்டிருக்கும், அந்தத் தேதிக்கு முன்னாடி போய் ஃபோட்டோ எடுத்துக்கிட்டா சரின்னு நினைச்சுட்டு வர்ற புது ஆபீசருங்க நிறைய. இங்க தேதி ஆளுக்கு ஆள் வேற கிடையாது, ஸ்டேட் முழுக்க எல்லாருக்கும் ஒரே தேதி. ரெண்டு வருஷம் ஒரு ட்ரெயினிங் யூனிட், ரெண்டு யூனிட் சேந்தா நாலு வருஷ சைக்கிள். யூனிட் எப்பவும் ஒத்தைப்படை வருஷம் செப்டம்பர் 1ல ஆரம்பிச்சு அடுத்த ஒத்தைப்படை வருஷம் ஆகஸ்ட் 31ல முடியும். இப்ப ஓடிக்கிட்டு இருக்கறது 2025 செப்டம்பர் 1ல ஆரம்பிச்சது, 2027 ஆகஸ்ட் 31ல முடியும். இந்த ரெண்டு வருஷத்துல பீஸ் ஆபீசர் 40 மணி நேரம் ட்ரெயினிங் எடுத்திருக்கணும், 911 டிஸ்பாட்சர் (அவசர போனை எடுக்கறவர்) 20 மணி நேரம். எடுத்தது ரெக்கார்ட்ல ஏறியிருந்தா லைசன்ஸ் தானா அடுத்த யூனிட்டுக்குப் போயிடும், எந்த ஃபார்மும் வேண்டாம். ஏறலேன்னா நான்-கம்ப்ளையன்ட் (விதியை முடிக்காதவர்), அதுக்கப்புறம் ரிப்ரிமாண்ட் (எழுத்துல கண்டனம்), சஸ்பென்ஷன் வரைக்கும் போகலாம்.

"எடுத்தது" வேற, "ரெக்கார்ட்ல ஏறினது" வேற. என் வேலையே இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற பள்ளத்துலதான்.

40 மணி நேரமும் நம்ம இஷ்டத்துக்கு இல்ல. ஒவ்வொரு யூனிட்லயும் சட்டம் அப்டேட்னு ஒரு கோர்ஸ் கட்டாயம், ஏன்னா டெக்சாஸ் சட்டசபை ஒத்தைப்படை வருஷத்துல மட்டும்தான் வழக்கமா கூடும், அதுல போட்ட சட்டத்துல முக்கால்வாசி செப்டம்பர் 1ல அமலுக்கு வரும். 2023ல நடந்தது 88வது லெஜிஸ்லேச்சர், அந்தக் கோர்ஸ் நம்பர் 3188. கடைசி ரெண்டு டிஜிட் பாத்தாலே எந்த சட்டசபையோட அப்டேட்னு தெரிஞ்சுடும். பழைய நம்பர் கோர்ஸை தப்பா திரும்ப எடுத்துட்டு வந்து நிக்கற ஆபீசர் ஒவ்வொரு யூனிட்லயும் ஒருத்தராவது உண்டு. கலாச்சாரப் பன்முகம், சிறப்புப் புலனாய்வு, கிரைசிஸ் இன்டர்வென்ஷன் (மனநெருக்கடியில இருக்கறவங்களைக் கையாளறது), டீ-எஸ்கலேஷன் (சூடான நிலைமையைப் பேசித் தணிக்கறது) இதெல்லாம் இன்டர்மீடியட் சர்டிபிகேட் வாங்காதவங்களுக்கு நாலு வருஷ சைக்கிள் கணக்கு. பேசிக், இன்டர்மீடியட், அட்வான்ஸ்டு, மாஸ்டர்னு நாலு படி சர்டிபிகேட் இருக்கு, அது லைசன்ஸுக்கு மேல தனியா, அனுபவ வருஷமும் ட்ரெயினிங் மணியும் படிப்பும் சேத்துப் பாத்துக் குடுக்கறது. நம்மாளுங்க டிகிரியை மதிக்கறதால சொல்றேன், காலேஜ் டிகிரி இருந்தா இந்தப் படியெல்லாம் சீக்கிரம் ஏறலாம்.

இந்தக் கட்டாய லிஸ்ட்டை சும்மா ஒரு ஷீட்டுல பாத்தா போர் அடிக்கும், ஆனா ஒவ்வொண்ணுக்குப் பின்னாடியும் ஒரு சாவு இருக்கு. டீ-எஸ்கலேஷன் கோர்ஸ் நம்பர் 1849. 2015 ஜூலைல சாண்ட்ரா பிளாண்ட்னு ஒரு கறுப்பினப் பெண்ணை இண்டிகேட்டர் போடாம லேன் மாறினாங்கன்னு நிறுத்தி, பேச்சு முத்தி அரெஸ்ட் ஆகி, மூணே நாள்ல வாலர் கவுண்டி ஜெயில்ல இறந்துபோனாங்க. 2017ல அவங்க பேர்ல சட்டம் வந்துச்சு, செனட் மசோதா நம்பர் 1849, அந்த நம்பரையே கோர்ஸுக்கு வெச்சுட்டாங்க. 2022 மே 24, யுவால்டே ராப் எலிமெண்டரி ஸ்கூல்ல ஒருத்தன் துப்பாக்கியோட புகுந்து சுட்டதுல செத்தது 19 குழந்தைங்க, ரெண்டு டீச்சருங்க. காரிடார்ல ஆபீசருங்க நின்னுக்கிட்டே இருந்தாங்க, கிளாஸ்ரூம் கதவைத் திறந்து உள்ள போக 77 நிமிஷம். அடுத்த வருஷ சட்டசபைல ஒவ்வொரு யூனிட்லயும் 16 மணி நேரம் ஆக்டிவ் ஷூட்டர் (இப்படி புகுந்து சுடறவனை எதிர்கொள்ற) ட்ரெயினிங் எல்லா பீஸ் ஆபீசருக்கும் கட்டாயம்னு ஆச்சு, சான் மார்கோஸ்ல டெக்சாஸ் ஸ்டேட் யூனிவர்சிட்டில இருக்கற அலர்ட் சென்டரோட பாடத்திட்டம். 40ல 16 அதுக்கே போயிடுது, அதுவும் உக்காந்து கேக்கற கிளாஸ் இல்ல, காலி ஸ்கூல் பில்டிங்ல பெயிண்ட் குண்டு துப்பாக்கியோட ஓடறது. 25 பேரை ரெண்டு நாள் ரோட்டுல இருந்து எடுத்தா பேட்ரோல் ஷிஃப்டை யார் பாக்கறதுன்னு லெஃப்டினன்ட் தலைல கை வெச்சுக்குவாரு. இருந்தாலும் அந்த 16 மணி நேரத்தை மட்டும் யாரும் என்கிட்ட வந்து புலம்பினது இல்ல.

இப்ப ஒரு நிஜ ஆகஸ்ட் கதை. ஒரு யூனிட் முடியற கடைசி வாரம். நைட் ஷிஃப்ட் ஆபீசர் ஒருத்தர், வேலைல கெட்டி, காலைல ஷிஃப்ட் முடிச்சு தூக்கக் கண்ணோட என் டெஸ்க்குக்கு வந்தாரு, அவர் பேரு சிவப்புல இருக்குன்னு நான் மெயில் அனுப்பியிருந்தேன். ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினேன், டீகோல் ரெக்கார்ட்ல அவருக்கு 24 மணி நேரம்தான் இருக்கு, கிரைசிஸ் இன்டர்வென்ஷன் கோர்ஸ் ஏறவே இல்ல. அவருக்கு முகம் செவந்துடுச்சு. மார்ச்லயே வெளியூர் போய் கிளாஸ்ல உக்காந்தேன், சர்டிபிகேட் இருக்குன்னு கார்ல போய் ஃபைலைத் தூக்கிட்டு வந்தாரு. சர்டிபிகேட் நிஜம்தான், சீல் இருக்கு, கையெழுத்து இருக்கு. என்ன ஆச்சுன்னா கிளாஸ் நடத்தின ட்ரெயினிங் ப்ரொவைடர் அந்த ரோஸ்டரை (கிளாஸுக்கு வந்தவங்க பட்டியல்) ஸ்டேட் சிஸ்டத்துல ஏத்தவே இல்ல. 30 நாளுக்குள்ள ஏத்தணும்னு ரூல், அஞ்சு மாசம் ஆச்சு. போன் பண்ணினா வாய்ஸ்மெயில், மெயில் பண்ணினா அந்த கோஆர்டினேட்டர் வேலையை விட்டுப் போயிட்டாருன்னு பதில், புதுசா வந்தவங்களுக்கு லாகின் இன்னும் வரலையாம். ஆபீசருக்கு அடுத்த மாசம் சார்ஜென்ட் பரீட்சை வேற. நான் அவர் சர்டிபிகேட், கிளாஸ் சைன்-இன் ஷீட்டோட காப்பி (நல்லவேளை அவர் கூட உக்காந்த வேற டிபார்ட்மெண்ட்காரர் ஃபோட்டோ எடுத்து வெச்சிருந்தாரு), ஹோட்டல் பில், எங்க டிபார்ட்மெண்ட் டைம்ஷீட் எல்லாத்தையும் ஒரே பிடிஎஃப்பா சேத்து அந்த ப்ரொவைடரோட மேலதிகாரிக்கு அனுப்பி, எங்க சீஃப் பேரையும் சிசில போட்டப்புறம்தான் அசைஞ்சாங்க. 30ஆம் தேதி சாயங்காலம் ஏறிச்சு. அதுவரைக்கும் அவரை வேற ஒரு ஆன்லைன் கோர்ஸ்லயும் உக்கார வெச்சிருந்தேன், ஒருவேளை ஏறலேன்னா மணிக்கணக்காவது சரியாகட்டும்னு.

அதுலேந்து எங்க டிபார்ட்மெண்ட்ல நான் எல்லார்கிட்டயும் கறாரா சொல்றது: மைடீகோல்னு ஆபீசருங்களுக்கே சொந்த லாகின் இருக்கு, தன் ரெக்கார்டை தானே பாத்துக்கலாம், சில கட்டாய கோர்ஸ்களை அங்கேயே ஆன்லைன்ல முடிக்கவும் முடியும். ஒவ்வொரு கிளாஸ் முடிச்ச ஒரு மாசம் கழிச்சு உள்ள போய் ஏறியிருக்கான்னு பாருங்க. ஏறலேன்னா அன்னிக்கே கேட்டா ஒரு மெயில்ல முடியும், ஆகஸ்ட்ல கேட்டா ஸ்டேட் முழுக்க அதே கேள்வியோட வரிசைல நிப்பாங்க. சர்டிபிகேட் காகிதத்தைத் தூக்கிப் போடவே போடாதீங்க, ரிட்டயர் ஆனப்புறமும். லேமினேட் பண்ண வேண்டாம், போன்ல ஒரு ஃபோட்டோ, மெயில்ல ஒரு காப்பி போதும். 16 மணி கோர்ஸை முதல் வருஷத்துலயே முடிச்சுடுங்க, ரெண்டாவது வருஷம் ஜூன் ஜூலைல சீட்டே கிடைக்காது.

துப்பாக்கி குவாலிஃபிகேஷன் இந்த 40 மணிக்குள்ள அடங்கற சமாச்சாரம் இல்ல, அது வருஷா வருஷம் தனி. ஸ்டேட் குறைஞ்சபட்சம் கைத்துப்பாக்கிக்கு 50 ரவுண்டு, அதுல குறைஞ்சது அஞ்சு ரவுண்டு நிஜ டூட்டி குண்டா இருக்கணும், பக்கத்துல இருந்து 15 கெஜம் வரைக்கும், நேரம் வெச்சு ஒரு ரீலோட், 70 பர்சன்ட் வந்தா பாஸ். நானும் கிளிப்போர்டோட ரேஞ்சுக்குப் போவேன், காதுல மஃப் மாட்டிக்கிட்டு. டெக்சாஸ் வெயில்ல தார்ப்பாய் நிழல்ல நின்னு இன்ஸ்ட்ரக்டர் டார்கெட்ல ஓட்டையை விரலால தொட்டுத் தொட்டு எண்ணுவாரு, கோட்டு மேல விழுந்த ஓட்டைக்கு அவரும் சுட்ட ஆபீசரும் வாக்குவாதம் பண்ணுவாங்க, நான் அவங்க முடிவு பண்ற வரைக்கும் பேனாவைத் தூக்கிட்டே நிப்பேன். அந்த ஷீட்டுல எந்தத் துப்பாக்கி, சீரியல் நம்பர், தேதி, இன்ஸ்ட்ரக்டர் கையெழுத்து எல்லாம் இருக்கணும். இது ஏஜென்சிகிட்ட இருக்கற ரெக்கார்ட், ஆனா ஏதாவது ஷூட்டிங் நடந்துச்சுன்னா வக்கீலுங்க முதல் வாரத்துலயே கேக்கற காகிதம் இதுதான், அதனால இதுல அடித்தல் திருத்தல் இருந்தா நான் வாங்கவே மாட்டேன், புது ஷீட் எழுதச் சொல்லிடுவேன். இதுக்காகவே என்னை ரேஞ்சுல யாருக்கும் பிடிக்காது, பரவால்ல.

அடுத்தது வேலையை விட்டுப் போறது. இதைப் பத்தி நம்ம ஆளுங்க யாரும் கேக்கறது இல்ல, ஆனா லைசன்ஸ் விஷயத்துல பாதி சிக்கல் இங்கதான். ஒரு ஆபீசர் போனா ஏழு பிசினஸ் நாளுக்குள்ள எஃப்-5னு ஒரு ஃபார்ம் டீகோலுக்குப் போகணும், ஒரு காப்பி ஆபீசர் கைக்கும் போகணும். முன்னாடி அந்த ஃபார்ம்ல, எப்படி வேலையை விட்டாருன்னு டிக் போட மூணு பெட்டி இருந்துச்சு, ஆனரபிள் (கௌரவமா), ஜெனரல் (நடுவாந்திரம்), டிஸானரபிள் (கௌரவமில்லாம). அந்த டிக்கு எங்க விழுதுங்கறதுல அவ்வளவு பேரம் நடக்கும். தப்பு பண்ணினவரைக் கூப்பிட்டு, நீயே ரிசைன் பண்ணிட்டா ஜெனரல் போடறேன்னு முடிச்சுடறது, அவர் அடுத்த கவுண்டில போய் சேந்துடறது. கிரிமினல் கேஸ், ட்ரெயினிங் முடிக்காததுன்னு சில விஷயம் போக, நடத்தைக்காகன்னு ஸ்டேட் கை வைக்கணும்னா ரெண்டாவது தடவை டிஸானரபிள் வாங்கியிருக்கணும், முதல் தடவைக்கே யாரும் அதைப் போடறது இல்ல, அப்புறம் ரெண்டாவது எங்கேர்ந்து வரும். 2020ல சன்செட் கமிஷன்னு சட்டசபையோட தணிக்கைக் குழு ரிப்போர்ட் போட்டப்ப டீகோலை பல்லில்லாத அமைப்புன்னே எழுதினாங்க, டெக்சாஸ் போலீசை ஒழுங்குபடுத்தற முறையே வேலை செய்யலன்னு. நான் படிச்சுட்டு சிரிச்சேன், ஏன்னா அது எங்க ஆபீஸ்ல காபி மெஷின் பக்கத்துல எல்லாரும் தினம் பேசறதுதான், முதல் தடவையா யாரோ லெட்டர்ஹெட்ல அடிச்சிருக்காங்க.

2023ல மாத்தினாங்க. அந்த மூணு பெட்டியும் போச்சு. தப்பு பண்ணினதா புகார் இருக்கும்போதே ஆபீசர் ரிசைன் பண்ணிட்டுப் போனாலும் ஏஜென்சி விசாரணையை முடிச்சு ஸ்டேட்டுக்கு அனுப்பணும். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே இன்னொரு சட்டம், புது ஆளை எடுக்கற ஏஜென்சி அவர் பழைய ஏஜென்சிகள்ல இருக்கற வேலைப் பதிவு ஃபைலையெல்லாம் பாத்துட்டேன்னு எழுதிக் குடுத்தாத்தான் எடுக்க முடியும்னு. தேசிய அளவுலயும் லைசன்ஸ் பறிக்கப்பட்டவங்க பேரு ஏத்தற ஒரு இண்டெக்ஸ் இருக்கு, ஒரு ஸ்டேட்ல போனவர் இன்னொரு ஸ்டேட்ல முளைக்காம இருக்க. டெக்சாஸை நான் இவ்வளவு குறை சொன்னாலும் மத்த இடத்தைப் பாத்தா இது தேவலாம்னு தோணும். கலிஃபோர்னியால தப்பு பண்ணின போலீசோட சர்டிபிகேஷனைப் பறிக்கற அதிகாரமே 2021 சட்டத்துக்கு அப்புறம்தான் வந்துச்சு, நியூஜெர்சில லைசன்ஸ் முறையே 2024 ஜனவரி 1ல இருந்துதான், அங்க மூணு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். மின்னசோட்டா மாதிரி 1970கள்லயே லைசன்ஸ் ஆரம்பிச்ச ஸ்டேட்டும் இருக்கு, ஜார்ஜ் ஃப்ளாய்டு போலீஸ் கையில செத்ததும் அதே ஸ்டேட்லதான். லைசன்ஸ் இருந்தா எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்ல வரல. ஆனா லைசன்ஸ் இல்லாத இடத்துல வேலைய விட்டுத் தூக்கினதோட கதை முடிஞ்சுடும், அடுத்த ஊர்ல யூனிஃபார்ம் ரெடியா தொங்கும்.

வேலையை விடறவங்களுக்கு ரெண்டு நம்பர் முக்கியம். 180 நாள், ரெண்டு வருஷம். ஒரு ஏஜென்சிலேந்து வெளில வந்து 180 நாளுக்கு மேல எங்கயும் நியமனம் இல்லேன்னா, அடுத்து எடுக்கறவங்க கைரேகை, மெடிக்கல், சைக்காலஜி எல்லாம் புதுசா பண்ணணும், அதனால சில சின்ன ஏஜென்சி செலவுக்கு பயந்தே கூப்பிட மாட்டாங்க. ரெண்டு வருஷத்துக்கு மேல போய் லைசன்ஸ் இன்ஆக்டிவ் ஆயிருந்தா, திரும்ப உயிர் குடுக்க கோர்ஸ், எக்ஸாம்னு எவ்வளவு நாள் விட்டாங்கங்கறதைப் பொறுத்து கூடிக்கிட்டே போகும். குழந்தை பிறந்து வேலைய விட்ட பெண் ஆபீசருங்க இதுல நிறைய மாட்டறாங்க, ரெண்டு வருஷம் எப்படி ஓடுதுன்னே தெரியாது. எங்ககிட்ட ஒருத்தங்க முழுசா விடாம ரிசர்வ் ஆபீசரா பேரை மட்டும் வெச்சுக்கிட்டு மாசத்துக்குச் சில மணி நேரம் வந்தாங்க. லைசன்ஸ் அப்படியே இருந்துச்சு, பொண்ணு ப்ரீ-கே போனதும் முழுநேரத்துக்குத் திரும்பிட்டாங்க. ரிசர்வ்ல இருந்தாலும் 40 மணி நேரம் 40 மணி நேரம்தான், அதுல சலுகை இல்ல.

துப்பாக்கியெல்லாம் வேண்டாம், ஆனா இந்த உலகத்துல ஒரு கால் வைக்கணும்னு கேக்கற நம்ம பெண்களுக்கு நான் சொல்றது 911 டிஸ்பாட்ச். அதுக்கும் டீகோல் லைசன்ஸ்தான், டெலிகம்யூனிகேட்டர்னு பேரு. 18 வயசு போதும், ஏஜென்சியே எடுத்து ட்ரெயினிங் குடுத்து முதல் ஒரு வருஷத்துக்கு தற்காலிக லைசன்ஸ்ல உக்கார வைக்கும், அதுக்குள்ள பேசிக் கோர்ஸ் முடிச்சு எக்ஸாம் பாஸ் பண்ணணும். போன்லயே சிபிஆர் சொல்லிக் குடுக்கற ட்ரெயினிங்கும் கட்டாயம். ரெண்டு மொழி தெரிஞ்சா கூடுதல் சம்பளம்னு போஸ்டிங்ல பாத்துட்டு சந்தோஷமா வராதீங்க, அது ஸ்பானிஷ். தமிழுக்கு இதுவரைக்கும் ஒரு டாலர் குடுத்ததா நான் கேள்விப்படல. நைட் ஷிஃப்ட் உண்டு, தீபாவளிக்கு லீவு கிடைக்காது, குழந்தை மூச்சு விடலன்னு கத்தற அம்மாவோட போனை எடுத்துட்டு அடுத்த நிமிஷம் பக்கத்து வீட்டு நாய் குலைக்குதுன்னு வர்ற போனையும் அதே குரல்ல எடுக்கணும், அதுக்கு மனசு தாங்குமான்னு பாத்துக்கிட்டு வாங்க. பெரும்பாலான சென்டர்ல சும்மா வந்து சில மணி நேரம் பக்கத்துல உக்காந்து ஹெட்செட்ல கேக்க அனுமதிப்பாங்க. அப்ளிகேஷன் போடறதுக்கு முன்னாடி அதைக் கேட்டு வாங்கிடுங்க, ராத்திரி நேரமா கேளுங்க, பகல்ல போனா வேலை சுலபம்னு நினைச்சுட்டு வந்துடுவீங்க.